நூற்றைம்பது பவுண்டு வெர்னா

மான் வேட்டை தொடங்குகிற சனிக்கிழமை எங்கள் ஊரில் ஆண்பிள்ளை ஒருவனைக் கண்ணால் பார்க்க முடியாது. எல்லாரும் ஒருவரையொருவர் சுட்டுவிடாமலிருக்க ஆரஞ்சுச் சட்டை மாட்டிக்கொண்டு விடியுமுன்பே காட்டுக்குப் போய்விடுவார்கள். பாதிரியார்கூடப் போய்விடுவார். அன்றைக்கு என் பழைய விளையாட்டுச் சாமான் கடையைத் திறப்பதே வீண். இருந்தாலும் திறந்து வைத்துவிட்டு, பழைய ஸ்கேட்டுகளுக்கு நாடா கோத்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் ஆர்விட் காங்கஸ் உள்ளே வந்தான்.

வந்தவன் ஒரு வார்த்தை பேசவில்லை. நேரே பின்பக்கம் போய், உடற்பயிற்சிச் சாமான்கள் கிடக்கிற இடத்தில் குத்துக்கல்லாட்டம் நின்றான். இருபது நிமிடம் நின்றான். பேசாததில் எனக்கு ஆச்சரியமில்லை. ஒன்றாம் வகுப்பிலிருந்து அவனும் நானும் ஒரே பள்ளி. நாலாம் வகுப்புவரை அவனை ஊமை என்றே நினைத்திருந்தேன். வேட்டைக்குப் போகாமல் என் கடையில் நிற்கிறானே, அதுதான் உறுத்தியது.

"என்னப்பா ஆர்விட், காட்டுக்குப் போகலையா? மானுக்கும் உனக்கும் என்ன சண்டை?"

"ஒண்ணுமில்ல."

"வெர்னா எப்படி இருக்கா?"

"பரவால்ல."

கல்லில் நார் உரிப்பது என்றால் இதுதான். நாடாவைக் கீழே போட்டுவிட்டு எழுந்து போனேன். அவன் பார்த்துக்கொண்டிருந்தது அந்தப் பெரிய இயந்திரத்தை. கம்பிகளும் உருளைகளும் பெஞ்சுமாக, ஒரு கார் நிறுத்துகிற இடத்தை அடைத்துக்கொள்ளும். டிவியில் நள்ளிரவு விளம்பரம் பார்த்து யாரோ ஆசைப்பட்டு வாங்கி, மூன்று மாதத்தில் என் தலையில் கட்டிவிட்டுப் போனது. விலை முன்னூறு டாலர் என்று சீட்டு ஒட்டியிருந்தேன்.

"அதைத் தொடாதே"ன்னேன். "அது ஜிம் இல்ல, துணி காயப்போடற கொடி."

விற்கிறவளே இப்படிச் சொல்லலாமா என்று நீங்கள் கேட்கலாம். என் வியாபாரம் அப்படித்தான். புத்தாண்டுக்குச் சபதம் எடுப்பார்கள், ஜனவரியில் வாங்கிப் போவார்கள், பனி உருகுமுன் திரும்பக் கொண்டுவருவார்கள். நின்ற இடத்திலேயே ஓடுகிற டிரெட்மில் ஒன்று என்னிடம் இருக்கிறது, அதை நாலு குடும்பத்துக்கு விற்றிருக்கிறேன். நாலு குடும்பமும் சேர்ந்து அதில் ஒரு மைல் ஓடியிருந்தால் பெரிது. ஊரான் ஏமாந்தால் எனக்கென்ன. ஆனால் ஆர்விட் ஏமாறுவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

"எதுக்கு வேணும், அதைச் சொல்லு முதல்ல. இந்த வயசுல யாருக்குக் காட்டப் போறே உடம்பை?"

அவன் அந்தக் கம்பியைத் தொட்டுப் பார்த்தான்.

"தரையிலேர்ந்து தூக்கணும்."

"எதை?"

"வெர்னாவை."

வெர்னாவைப் பற்றி இங்கே சொல்லிவிடுகிறேன். பள்ளிக்கூடச் சமையலறையில் முப்பது வருஷம் சமைத்தவள். ஆர்விட்டின் பங்குப் பேச்சையும் சேர்த்து அவள்தான் பேசுவாள். அவள் "தட்டை வைடா!" என்று உள்ளே கத்தினால் வெளியே மைதானத்தில் விளையாடுகிறவன் வைப்பான். ஆர்விட் இரும்புச் சுரங்கத்தில் தண்ணீர் வண்டி ஓட்டினான். பள்ளத்துக்குள் புழுதி பறக்காமல் ரோட்டை நனைத்துக்கொண்டே முப்பத்து நாலு வருஷம். ஒரே மகன் டெக்சாஸில். ஞாயிற்றுக்கிழமை போன் வரும். அதற்கு முந்தின வருஷம் செப்டம்பரில் வெர்னாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலப்பக்கம் முழுக்கப் போனது. பேச்சும் போனது, ஒரு வார்த்தை தவிர.

அந்த ஒரு வார்த்தை "எழவு". வாழ்நாள் முழுக்க சர்ச்சில் பாடிய பெண். மூளை அத்தனை பாட்டையும் தொலைத்துவிட்டு இதைப் பத்திரமாக வைத்துக்கொண்டது. பசித்தாலும் எழவு, காபி நன்றாக இருந்தாலும் எழவு. பாதிரியார் ஜெபம் செய்து முடித்ததும் ஆமென் சொல்லுகிற இடத்தில் அவள் எழவு என்றாள். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

ஆர்விட் அன்றைக்குப் பேசியதெல்லாம் சேர்த்துப் பத்து வாக்கியம் இருக்கும். விஷயம் இதுதான். அந்த இலையுதிர் காலத்தில் வெர்னா இரண்டு தடவை குளியலறையில் விழுந்துவிட்டாள். அவனால் தூக்க முடியவில்லை. இரண்டு தடவையும் தீயணைப்பு ஆட்கள் வந்துதான் தூக்கினார்கள். வீட்டுக்கு வருகிற பிசியோதெரபிப் பெண் ஜோலின், தூக்குகிற பொறி ஒன்று கொண்டுவந்து பார்த்தாள். அவன் அப்பா கட்டிய வீடு, குளியலறைக் கதவு அந்தக் காலத்து அகலம், பொறி உள்ளே திரும்பவில்லை. மார்ச் மாதம் மறுபடி சோதித்துப் பார்ப்பேன், அப்போதும் உங்களால் தூக்க முடியாவிட்டால் அவங்களை டுலூத் நகரத்துப் பராமரிப்பு இல்லத்தில் சேர்க்கத்தான் எழுதவேண்டியிருக்கும் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள்.

டுலூத் எழுபது மைல். குளிர்காலத்தில் அந்த ரோட்டில் எழுபது மைல் என்பது போகாதே என்று அர்த்தம்.

இதையெல்லாம் அவன் கடைச்சாமான் சொல்கிற குரலில் சொன்னான். கண்ணில் ஒன்றுமில்லை. பக்கவாதம் வந்த நாளிலிருந்து அவன் அப்படித்தான் இருந்தான். எதைக் கேட்டாலும் சரி, எதைக் கொடுத்தாலும் பரவால்ல. என் புருஷன் ரே செத்த வருஷம் நானும் அப்படித்தான் திரிந்தேன். நெருப்பில் கை வைத்தாலும் சுட்டது தெரிந்திருக்காது. அதனால் நான் அவனைப் பார்த்து ஐயோ பாவம் என்று சொல்லவில்லை. சொன்னால் மட்டும் என்ன ஆகப்போகிறது?

"எவ்வளவு வச்சிருக்கே?"

"முன்னூறு."

"சரி. முன்னூறுல பாதிய நான் உன் பையிலேயே திருப்பி வைக்கிறேன். வா."

ரே பள்ளியில் மல்யுத்தம் சொல்லிக்கொடுத்தவன். அதனால் இந்தச் சாமான்களைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. தரையிலிருந்து தூக்கப் பழகவேண்டியவனுக்கு, தரையிலிருந்து தூக்குகிற சாமான்தான் வேண்டும். உட்கார்ந்து இழுக்கிறதும் படுத்துத் தள்ளுகிறதும் எதற்கு? ஒரு நீளக் கம்பி, கொஞ்சம் இரும்புத் தட்டு. அவ்வளவே.

கம்பியைத் தரையில் உருட்டிக் காட்டினேன். "பாரு, கோணல் இருந்தா உருள்றப்ப நொண்டும். இது நொண்டல. துரு இருக்கு, இருந்துட்டுப் போகட்டும். வினிகர் போட்டுத் தேய்ச்சா போயிரும். தட்டுல விரிசல் இருக்கான்னு மட்டும் பாரு. ஒரே ஜோடியா வேணும்னு அழகு பாக்காதே. வேற வேற கம்பெனிதான், ஆனா இரும்பு இரும்புதானே."

"கூண்டு வேணாமா?" கம்பியைத் தாங்குகிற உயரச் சட்டத்தைக் காட்டிக் கேட்டான்.

"உன் நிலவறை எவ்வளவு உயரம்?"

அவன் கையைத் தன் தலைக்கு மேல் நாலு விரல் வைத்துக் காட்டினான்.

"அந்தக் கூண்டு ஏழடி. மேல போய் வெர்னா கட்டிலுக்குக் கீழ முளைக்கும். வேணாம்."

தரைக்கு ரப்பர் பாய் வேண்டும். ஜிம்முக்கென்று விற்கிற பாய் என்னிடமும் இருந்தது. நான் அதை விற்கவில்லை. பண்ணைக் கடையில் குதிரை லாயத்துக்கு விரிக்கிற பாய் கிடைக்கும். அதே தடிமன், விலை மூன்றில் ஒரு பங்கு. ஒரு மாதம் நாறும், அவ்வளவுதான். அங்கே வாங்கிக்கோ என்றேன்.

"கம்பி மட்டும் போதாதுப்பா. மனுஷி கம்பி மாதிரி நேரா நிக்கமாட்டா, தொளதொளன்னு சரிவா. அதுக்கு மணல் மூட்டைதான். ராணுவக் கான்வாஸ் பை ஒண்ணு சும்மா கிடக்கு, எடுத்துக்கோ. மணல் உன் வண்டியிலயே இருக்கும்ல?"

இருந்தது. பனியில் சக்கரம் வழுக்காமல் இருக்க எங்கள் ஊரில் எல்லார் வண்டியின் பின்னாலும் நீள மணல் மூட்டைகள் கிடக்கும், ஒவ்வொன்றும் அறுபது பவுண்டு. அவற்றை அப்படியே பைக்குள் திணித்தால் வேலை முடிந்தது.

"எவ்வளவு போடணும்?" என்றான்.

"வெர்னா எவ்வளவு?"

எங்கள் ஊரில் மூன்று விஷயம் யாரும் யாரையும் கேட்பதில்லை. எவ்வளவு சம்பளம், எந்த ஏரியில் மீன் மாட்டுகிறது, எவ்வளவு எடை. கட்டிய புருஷனும் பெண்டாட்டியைக் கேட்கமாட்டான். ஆர்விட்டுக்குத் தெரியவில்லை. பையிலிருந்து பர்சை எடுத்தான், அதற்குள்ளிருந்து வெர்னாவின் டிரைவிங் லைசென்ஸை எடுத்தான். இனி அவள் வண்டி ஓட்டப்போவதில்லை, இருந்தாலும் வைத்திருந்தான். படத்தில் வெர்னா சிரிக்காமல் முறைத்துக்கொண்டிருந்தாள். எடை என்று இருந்த இடத்தில் நூற்று முப்பத்தெட்டு.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். "அட மண்டு! எந்தப் பொம்பள லைசென்ஸ்ல உண்மைய எழுதியிருக்கா? இது அவ நாப்பது வயசுல எழுதினது, அப்புறம் அதையே காப்பி அடிச்சிருக்கா. என் லைசென்ஸ்ல நூத்தி நாப்பது. என்னைப் பாரு! என் ஒரு கால் மட்டும் அவ்வளவு இருக்கும். பேசாம பன்னெண்டு சேத்துக்கோ. நூத்தி அம்பதுன்னு வச்சுக்கோ."

அவன் சிரிக்கவில்லை. மனதுக்குள் கூட்டினான். "ரெண்டு மூட்டை, ஒரு அரை மூட்டை" என்றான்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். என்னைப் பார்த்துத்தான் சொல்லியிருக்க வேண்டும். அது அப்போது எனக்குத் தெரியவில்லை.

சாமானை வண்டியில் ஏற்றும்போது கேட்டேன். "வீட்ல இறக்க நான் வரட்டுமா?"

"வேணாம், வேணாம்."

"எனக்கு ஒரு வேலையும் இல்ல. வர்றேனே?"

"உனக்கெதுக்குத் தொந்தரவு."

இரண்டு தடவை மறுத்தாயிற்று. இங்கே யாரும் மூன்றாம் தடவைக்கு முன்னால் எதையும் வாங்கிக்கொள்வதில்லை. ஒரு துண்டு கேக்கைக்கூட. அதனால் கடைப் பலகையைத் திருப்பி வைத்துவிட்டு வண்டியின் மறுபக்கக் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தேன்.

"போலாமா?"

"காபி இருக்கு" என்றான். சரி என்பதற்கு அவன் சொல்கிற சொல் அது.

நிலவறையில் குளிர்பெட்டிக்கும் சாவ்னா என்கிற நீராவிக் குளியல் அறைக்கும் நடுவில் இடம் ஒதுக்கினோம். மேலே சூடுகாற்றுக் குழாய் ஓடியது. அன்றைக்கே மூன்று தடவை தலையை இடித்துக்கொண்டான், ஒரு தடவையும் ஆ என்று சொல்லவில்லை. வெறும் கம்பியோடு தொடங்கவைத்தேன். "முதுகை வளைக்காதே. பின்பக்கத்தைப் பின்னால தள்ளு. பேன்ட் கிழிஞ்சாலும் பரவால்ல. மூச்சைப் பிடி. அப்புறம் காலால எந்திரி, கையால இழுக்காதே." சொன்னதை அப்படியே செய்தான். சுரங்கத்தில் சொன்னதைச் செய்தே பழகியவன்.

மேலே ஜன்னலோரம் வெர்னா உட்கார்ந்திருந்தாள். இரண்டு ஸ்வெட்டர், மேலே அங்கி, மடியில் கம்பளி. மாத்திரையில் முகம் உப்பி வட்டமாக இருந்தது.

"வெர்னா, உன் புருஷனை பயில்வான் ஆக்கறேன்"ன்னேன்.

"எழவு" என்றாள், இடது கையை வீசி. நல்ல மனநிலையில் சொன்ன எழவு அது.

அதன்பிறகு வாரம் ஒரு தடவை போனேன். அவன் கூப்பிட்டான் என்பதால் அல்ல. சொல்லிக்கொடுத்தவள் விட்டுவிட்டால் அவன் முதுகு போய்விடும், அப்புறம் இரண்டு பேரையும் தூக்க ஆள் தேடவேண்டும். ஆர்விட் ஒருநாளும் தவறவில்லை. காலையில் வெர்னாவை எழுப்பிக் கழுவி நாற்காலியில் உட்காரவைத்துவிட்டுக் கீழே வருவான். தூக்குவான், வைப்பான், தூக்குவான், வைப்பான். முன்னேறினதில் சந்தோஷம் இல்லை, வலித்தால் முனகல் இல்லை. டிசம்பரில் கம்பியில் நூறு பவுண்டு தூக்கினான். "பிரமாதம்யா!" என்று கத்தினேன். தலையை ஆட்டிவிட்டு வாசல் பனிக்குப் போடுகிற உப்பு மூட்டையை நகர்த்தப் போய்விட்டான். எனக்கு எரிச்சலாக வந்தது. கல்கூட வெயில் பட்டால் சுடும்.

மதியம் அவன் செய்கிற சாப்பாடு ஒன்றே ஒன்று: மான் கறியும் உருளைக்கிழங்கும் டப்பா சூப்பும் ஒரே பாத்திரத்தில் போட்டுச் ஓவனில் வைப்பது. வெர்னா தட்டில் பாதிக்கு மேல் மிஞ்சும். அவன் அதை வழித்து நாய்க்குப் போட்டுவிட்டுத் தட்டைக் கழுவுவான். நான் அங்கேயே உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தேன். நானும் பார்த்தேன். நாய் கொழுத்துக்கொண்டே போனது என்று கேலிகூடச் செய்தேன்.

ஜனவரியில் ஒருநாள் படியிறங்கியபோது எனக்குத் திக்கென்றது. கீழே நாற்காலியில் வெர்னா உட்கார்ந்திருந்தாள். ஹாக்கி ஆட்டத்துக்குப் போட்டுக்கொண்டு வருவாளே, அந்த நீலப் பஞ்சுக் கோட்டு. ஒரு நொடி கழித்துத்தான் தலை இல்லை என்பது தெரிந்தது. மணல் மூட்டைக்குக் கோட்டைப் போட்டு, ஜிப்பைக் கழுத்துவரை இழுத்துவிட்டிருந்தான்.

"என்னய்யா கூத்து இது! எனக்கு உசிரே போச்சு!"

"கான்வாஸ் பிடிமானமா இருக்கு. அவ துணி வழுக்கும்" என்றான். "அதுலயே பழகணும்."

சொல்லிவிட்டு மூட்டையைத் தரையில் சாய்த்துவிட்டுக் குனிந்தான். கோட்டின் கைகளுக்குக் கீழே தன் கைகளை விட்டு, முதுகுக்குப் பின்னால் கோத்து, மூட்டையை நெஞ்சோடு அணைத்து எழுந்தான். நூற்றைம்பது பவுண்டு. முகம் சிவந்து கழுத்து நரம்பு புடைத்தது. நாற்காலிக்குக் கொண்டுபோய் உட்கார வைத்தான். கோட்டின் காலரைச் சரிசெய்தான். திரும்பத் தரையில் வைத்தான். அவன் முகத்தில் அப்போதும் ஒன்றுமில்லை. எனக்குத்தான் பார்க்கச் சகிக்கவில்லை, மேலே போய்விட்டேன்.

பிப்ரவரி முடிவதற்குள் அதை ஒரே மூச்சில் ஐந்து தடவை தூக்கினான்.

மார்ச் பத்தாம் தேதி ஜோலின் வந்தாள். கெட்டிக்காரப் பெண், முப்பது வயது இருக்கும், பூட்ஸைக் கழற்றி வாசலில் ஒழுங்காக வைக்கிற ரகம். நீயும் இருக்கிறாயா என்று ஆர்விட் என்னைக் கேட்கவில்லை. "அன்னிக்குக் காபி போடுவேன்" என்று மட்டும் முந்தின வாரம் சொல்லியிருந்தான். போனேன்.

கூடத்தில் பாய் விரித்து, ஜோலினும் நானும் வெர்னாவை மெல்லச் சரித்துப் படுக்கவைத்தோம். ஜோலின் தோள்பக்கம் பிடித்தாள், நான் கால்பக்கம். எனக்கு அப்போதே ஏதோ தட்டுப்பட்டது. ஆனால் பாரமெல்லாம் ஜோலின் பக்கம் போலும் என்று விட்டுவிட்டேன்.

"ஸ்வெட்டரெல்லாம் கழட்டிருவோம், பிடிக்க வசதியா இருக்கும்" என்றாள் ஜோலின். ஒன்று, இரண்டு என்று கழற்றினாள். உள்ளே ஒரு மெல்லிய சட்டை. "சார், அவசரமே இல்ல. முடியலைன்னா நிறுத்திருங்க. சரியா?"

"சரி."

வெர்னா மல்லாந்து கிடந்தபடி அவனைப் பார்த்தாள். "எழவு" என்றாள், மெதுவாக. இந்த எழவுக்கு அர்த்தம் எனக்குத் தெரிந்தது. அவன் தூக்காவிட்டால் டுலூத் என்பது அவளுக்கும் தெரியும்.

ஆர்விட் மண்டியிட்டான். பழகியபடியே கைகளைக் கீழே விட்டான், முதுகுக்குப் பின்னால் கோத்தான், பின்பக்கத்தைத் தள்ளினான், மூச்சைப் பிடித்தான். நூற்றைம்பது பவுண்டைத் தூக்குகிற மூச்சு அது. எழுந்தான்.

வெர்னா ஒரேயடியாக மேலே வந்துவிட்டாள். அவள் கால் இரண்டும் தரையைவிட்டு எழும்பிவிட்டன. எடுத்த வேகத்தில் ஆர்விட் பின்னுக்குப் போய் மூன்று எட்டு தடுமாறிச் சுவரில் முதுகு மோதி நின்றான். சுவரிலிருந்த அவர்களுடைய கல்யாணப் படம் விழுந்தது. வெர்னா வலியில் கத்தினாள். "எழவே!"

"ஐயோ சார், மெதுவா!" ஜோலின் ஓடினாள். வெர்னாவின் விலாவைத் தொட்டுப் பார்த்தாள், ஒன்றும் உடையவில்லை என்றாள், அப்புறம் சிரித்தாள். "சார், நீங்க பாஸ். தாராளமா பாஸ். இப்ப மெதுவா நாற்காலில உக்கார வைங்க."

அவன் வைக்கவில்லை. சுவரில் சாய்ந்தபடி அவளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே நின்றான். இன்னும் தரையில் உட்கார்ந்திருந்த எனக்கு அவள் சட்டைக்குள் தோள்பட்டை எலும்பு தெரிந்தது.

"எவ்வளவு?" என்றான்.

"என்ன சார்?"

"இவ. எவ்வளவு எடை?"

ஜோலின் என்னைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். "போன வாரம் கிளினிக்ல தொண்ணூத்தாறு. நான் சொன்னேனே சார். டிசம்பர்லயே சொன்னேன், நல்லா குறையறாங்க, சத்துப் பானம் குடுங்கன்னு. நீங்க சரின்னீங்க."

"நான் எல்லாத்துக்கும் சரின்னுதான் சொல்றேன்" என்றான் ஆர்விட்.

சத்துப் பானம் வாங்கியிருந்தான். இரண்டு பெட்டி, குளிர்பெட்டிக்குப் பக்கத்தில், பிரிக்காமல். அதன்மேல்தான் துண்டு போடுவான். நான் பார்த்திருக்கிறேன். தினமும் அவன் அவளை எழுப்புகிறான், கழுவுகிறான், கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றுகிறான். ஆனால் அப்போதெல்லாம் அவள் நல்ல காலை ஊன்றிக்கொள்வாள், முழுப் பாரம் அவன்மேல் வந்ததே இல்லை. பதினெட்டு மாதத்தில் அவளை முழுசாகக் கையில் ஏந்தியது அன்றைக்குத்தான்.

"தட்டை நான்தான் வழிச்சுப் போட்டேன்" என்றான். யாரிடம் சொன்னான் என்று தெரியவில்லை. "தினம் நான்தான் வழிச்சேன்."

அவன் முகம் கோணியது. அத்தனை மாதத்தில் முதல்முறையாக அந்த முகத்தில் ஒன்று அசைந்ததைப் பார்த்தேன். அழவில்லை. வாயைத் திறந்து திறந்து மூடினான், கம்பியைத் தூக்கிவிட்டு மூச்சு வாங்குகிறவன் போல. வெர்னா இடது கையால் அவன் முதுகில் தட்டினாள். தட்டிக்கொண்டே இருந்தாள். நான் விழுந்த படத்தை எடுத்து, உடைந்த கண்ணாடியைப் பொறுக்கினேன். எனக்கு வேறென்ன செய்வதென்று தெரியவில்லை.

ஜோலின் தாளில் எழுதினாள்: வீட்டிலேயே இருக்கலாம். டாக்டரிடம் அடுத்த வாரமே காட்டவேண்டும் என்றும் எழுதினாள். டாக்டர் என்ன சொல்லப்போகிறார் என்பது அவள் கோட்டைப் போட்டுக்கொண்ட விதத்திலேயே தெரிந்தது. கேட்கலாமா என்று நினைத்தேன். கேட்கவில்லை. எங்கள் ஊர்ப் புத்தி.

மறுநாள் காலையில் கடைக்கு போன் வந்தது. ஆர்விட் போன் செய்து நான் கேட்டதே இல்லை.

"மார்லிஸ். தராசு இருக்கா கடையில?"

"இருக்கு. எதுக்கு?"

"கொஞ்சம் எடுத்துட்டு வா."

தானாக அவன் கேட்டான். ஒரு தடவைகூட மறுக்காமல். கடையைப் பூட்டிவிட்டுத் தராசோடு போனேன்.

நிலவறையில் மூட்டை தரையில் கிடந்தது. கோட்டைக் கழற்றி மடித்து நாற்காலியில் வைத்திருந்தான். பைக்குப் பக்கத்தில் இரண்டு வாளி.

"நேத்து அவளுக்கு வலிச்சுது" என்றான். "ரொம்ப வேகமா தூக்கிட்டேன். மறுபடி பழகணும், மெதுவா."

பையைத் தராசில் வைத்து, ஒரு மூட்டையின் வாயைப் பிரித்து, மணலை அள்ளி வாளியில் போட்டோம். ஐந்து பவுண்டு, பத்து பவுண்டு. சும்மா இருக்க முடியாமல் நான் பேசிக்கொண்டே அள்ளினேன். வானிலை, ரோடு, ஹாக்கி. முள் நூறுக்குக் கீழே வந்ததும் என் பேச்சு நின்றது. தொண்ணூற்றாறில் அவன் கையை நீட்டி நிறுத்தினான்.

"போதும்."

கோட்டை மறுபடி மாட்டினான். இப்போது அது தொங்கியது. ஜிப்பைக் கழுத்துவரை இழுத்து, கோட்டின் இடுப்புப் பட்டையை ஒரு துளை உள்ளே தள்ளிப் போட்டான். கைகளைக் கீழே விட்டான். இந்தத் தடவை மூச்சைப் பிடிக்கவில்லை. சின்னக் குழந்தையைத் தொட்டிலிலிருந்து எடுக்கிற மாதிரி எடுத்தான், நாற்காலியில் வைத்தான், காலரைச் சரிசெய்தான். மறுபடி எடுத்தான். பத்துத் தடவை. பத்தாவது தடவை கீழே வைக்காமல் கோட்டின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு நின்றான்.

"எழவு!" என்று மேலேயிருந்து சத்தம் வந்தது. பசியாக இருக்கும். அவன் மூட்டையை இறக்கிவிட்டு, சத்துப் பானப் பெட்டியைப் பிரித்து, இரண்டு புட்டி எடுத்துக்கொண்டு படியேறினான். குழாயில் தலையை இடித்துக்கொண்டான்.

"ஆ" என்றான்.

வாளி இரண்டையும் நீயே கொண்டுபோ, உன் வண்டியில் பாரத்துக்கு ஆகும் என்று மேலேயிருந்து சொன்னான். கொண்டுவந்தேன். ஐம்பத்து நாலு பவுண்டு. அதில் பன்னிரண்டு என் வாய்க்கொழுப்பு, நாற்பத்திரண்டு வெர்னா. அந்தப் பன்னிரண்டும் வெர்னாதானோ என்னவோ, இனி யாரைக் கேட்பது. ஏப்ரலில் பனி உருகி ரோடு காய்ந்ததும் எல்லாரும் வண்டியிலிருந்து மணலை இறக்கிவிட்டார்கள். நான் இன்னும் இறக்கவில்லை.